வரிசையின் கடைசிக்கு

சாட்சி சொல்லச் சொல்கிறீர்கள்.
ஒளி எதையும் நான் பார்த்ததில்லை.
அன்றைக்கு வானம் தூசி நிறத்தில் இருந்தது,
எல்லா நாளும் போல.

காசும்பலேசா எல்லை, காங்கோ பக்கம்.
செம்புத் தகடு ஏற்றிய லாரிகள்
ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி
பதினாலு கிலோமீட்டருக்கு நின்றன.
எனக்கு அது ஒன்பதாம் நாள்.
ஒரு பாட்டில் தண்ணீரில் குளியல்,
டயர் நிழலில் கிளறிய மக்காச்சோளக் களி,
இரவானால்
டீசல் திருட வருகிறவர்களுக்காக ஒரு கண்,
டீசல் விற்க ஒரு கண்.
ஆமாம், நானும் விற்றிருக்கிறேன்.
முதலாளி இங்கே உட்கார்ந்திருந்தால்
உட்காரட்டும்.

எனக்கு முன்னால் நின்ற லாரி
துசாஜிக்வே என்பவனுடையது.
தான்சானியாக்காரன், ம்பேயா பக்கம்.
எட்டு நாளில் எங்களுக்குள் நடந்த பேச்சு
உப்பு இருக்கிறதா,
இருக்கிறது.
ஒன்பதாம் நாள் வரிசை ஒரு லாரி நீளம் நகர்ந்தது.
அவன் நகரவில்லை.
ஹார்ன் அடித்தேன்.
திட்டினேன். அவன் தாயையும் சேர்த்துத் திட்டினேன்.
இறங்கிப் போய்க் கதவைத் திறந்தபோது
ஸ்டியரிங்மேல் நெற்றி,
மடியில் பாதி உரித்த வேர்க்கடலை.

கம்பெனிக்காரன் போனை எடுக்கவில்லை.
போலீஸ்காரன் ஒரு தொகை சொன்னான்.
வெயில் யாருக்காகவும் காத்திருக்காது.
மறுநாள் காலை, ஊர்த்தலைவர் கைகாட்டிய இடத்தில்
கறையான் புற்றுக்குப் பக்கமாய்க் குழி தோண்டினோம்.
செம்மண், பாதிக்குமேல் கல்.

யார் ஜெபம் பண்ணுவது?
பஞ்சர் ஒட்டும் இலுங்கா
நேரே என்னைக் காட்டினான்:
'இவர் லாரியில் பைபிள் இருக்கிறது.'

இருந்தது.
என் மனைவி சிலுஃப்யா வைத்தது.
சுங்கத் தாள்கள் காற்றில் பறக்காமல்
அதற்குள் அடக்கி வைத்திருந்தேன்.
பத்து வருஷத்தில் அது எனக்குச் செய்த ஒரே வேலை.
நான் பாஸ்டர் இல்லை என்றேன்.
அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.
தொப்பிகளைக் கழற்றிவிட்டார்கள்.
நாற்பது தலைகள் வெயிலில்.

திறந்த பக்கம் பெயர்ப்பட்டியல்.
இன்னாருக்கு இன்னார் பிறந்தார்,
அவருக்கு இன்னார்.
வேறு பக்கம் தேடத் தெரியவில்லை, படித்தேன்.
நாக்கில் நிற்காத பெயர்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொன்னார்கள்,
கிண்டலில்லாமல்,
ஆள் எடுக்கும்போது 'உள்ளேன்' சொல்வதுபோல.
பட்டியல் முடிந்த இடத்தில்
துசாஜிக்வே என்றேன்.
அது அங்கே அச்சாகியிருக்கவில்லை.
அதற்குத்தான் ஆமென் பலமாக வந்தது.

அப்போதுதான் தாள் நழுவியது.
மஞ்சள் தாள், மூன்று முத்திரை,
ஒன்பது நாளின் மொத்த விலை.
காற்றே இல்லை, ஆனாலும் மிதந்து இறங்கி
போர்வை சுற்றிய அவன் மார்பில் படுத்தது.
ஒருவரும் பார்க்கவில்லை.
இடுப்பளவுக் குழி.
குனிந்தால் எட்டும்.

எடுக்காதே என்று யாரும் சொல்லவில்லை.
பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.
இதை நான் சத்தியம் பண்ணுவேன்.
கை போகவில்லை, அவ்வளவுதான்.
மண்வெட்டிகள் ஆரம்பித்துவிட்டன.

லாரியைத் திருப்பினேன்.
பதினாலு கிலோமீட்டர் பின்னால்,
புதுத் தாளோடு, வரிசையின் கடைசி ஆளாக.
வழியெல்லாம் ஓட்டுநர்கள்
கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள்.
என்ன ஆச்சு பாஸ்டர் என்றான் ஒருவன்.
பதில் சொல்லவில்லை,
மறுக்கவும் இல்லை.

அன்றிரவு ஒரு பையன் கதவைத் தட்டினான்.
கேனோடு வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.
காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது அவனுக்கு.
ஏதாவது சொல்லுங்கள் என்றான்.
எனக்கு ஒன்றும் தெரியாது.
கையைக் கழுவினேன்.
டீசல் வாடை போகவில்லை.
மறுபடி கழுவினேன்.
பிறகு அவன் தலையில் வைத்தேன்.

இன்னும் அதே லாரிதான்.
டீசல் மட்டும் விற்பதில்லை.
அந்தப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்,
பெயர்ப்பட்டியல்கள் அந்தப் புத்தகத்தில் நிறைய.
சிலுஃப்யா கேட்கிறாள்,
'அடையாளத்துக்கு ஒரு தாள் வைத்திருக்கக் கூடாதா?'